அமெரிக்க வீட்டுக்கு உயர்தர அடுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் புகைக்கு வழி செய்யுங்கள்

புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம் சாம்பாருக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து முடிவதற்குள் மாடிப்படி அருகே இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து அழுதாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கையில் கிடைத்த அட்டையை எடுத்து விசிறினார். அடுப்புக்கு மேலே தொங்கிய மைக்ரோவேவின் அடியில் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது கீழே இழுத்த புகையை மேலே இருந்த துவாரம் வழியாக என் முகத்திலேயே ஊதியது. "நம் பழைய ஓட்டு வீட்டு அடுப்படியிலேயே கூரையில் புகைபோக்கி இருந்ததே, இத்தனை பெரிய வீட்டில் ஒன்று வைக்கவில்லையா?" என்று அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகளும் ஒரு சமையலறைச் சீரமைப்பும் ஆயின. அதற்குள் ரேஞ்ச் எனப்படும் பெரிய அடுப்புகளைப் பற்றி, அதாவது மேலே பர்னர்களும் கீழே ஓவனும் ஒரே உடலாக அமைந்தவற்றைப் பற்றி, தெரிந்துகொள்ள வேண்டியதைப் பெரும்பாலும் தெரிந்துகொண்டேன். 36 அங்குல உயர்தர ரேஞ்ச் ஒன்று 5,000 டாலரில் தொடங்கி 10,000 டாலரை எளிதாகத் தாண்டும். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை முதல்முறை வாங்குவோருக்காக எழுதுகிறேன்.

1. ஒரு வாரச் சமையலை எழுதிவையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், எந்த நேரத்தில் எத்தனை பாத்திரங்கள் ஒன்றாக அடுப்பில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஓர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அகலத்தையும், எந்த உலோகம் என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலைதான் உச்ச நேரம்: 11 அங்குல இட்லிப் பானை, 5 லிட்டர் குக்கர், 12 அங்குல தோசைக்கல், ஓர் ஓரமாகத் தாளிப்புக் கரண்டி. பழைய அடுப்பில் இட்லிப் பானையை வைத்தால் தோசைக்கல்லுக்கு இடமில்லை. இந்த ஒரு தாள் பின்னர் எத்தனையோ விற்பனைப் பேச்சுகளிலிருந்து என்னைக் காப்பாற்றியது.

2. புகைபோக்கியை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் அடுப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் மேலே ஒரு ஹூட், அதாவது புகையை இழுக்கும் விசிறிக் கூடு, மாட்டிக்கொள்கிறார்கள். நம் சமையலுக்கு இந்த வரிசை தலைகீழ். தாளிப்பு, வறுவல், அப்பளம் பொரிப்பது என்று நாள்தோறும் எண்ணெயைப் புகையும் அளவுக்குச் சூடாக்குகிறோம். மிளகாய் நெடி ஒரு மணி நேரத்தில் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு போகாது. அலமாரிக் கதவுகளின் மேல்விளிம்பில், மின்விசிறி இறக்கையில், நுழைவாயில் அறையில் தொங்கும் குளிர்காலக் கோட்டுகளில் அது படிந்துகொண்டே இருக்கும். பள்ளிக்குப் போட்டுப் போன கோட்டில் வெங்காய வாசம் வருவதாக வகுப்பில் சொன்னார்கள் என்று என் மகள் ஒருநாள் கண்கலங்கி வந்து நின்றாள். அன்று முடிவெடுத்தோம், முதல் செலவு புகைபோக்கிக்கு என்று.

முதல் விதி: காற்று வீட்டுக்கு வெளியே போக வேண்டும். கரி வடிகட்டி வழியாகச் சுற்றி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும் வகைகளையும், மைக்ரோவேவுடன் சேர்ந்து வருபவற்றையும் உயர்தர ரேஞ்சுக்கு மேலே மாட்டாதீர்கள். அந்தத் தீக்கு அவை ஈடுகொடுக்காது.

இழுக்கும் திறனை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று கணக்கிடுவார்கள், கடையில் சி.எஃப்.எம். என்பார்கள். கேஸ் அடுப்புக்கு, எல்லா பர்னர்களின் வெப்பத்தையும் கூட்டி, ஒவ்வொரு 10,000 பி.டி.யூ.வுக்கும் 100 சி.எஃப்.எம். என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பி.டி.யூ. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு; பர்னருக்கு மணிக்கு எத்தனை என்று சொல்வார்கள். ஆறு பர்னர்களும் சேர்ந்து 90,000 பி.டி.யூ. தரும் ரேஞ்சுக்கு 900 சி.எஃப்.எம். வேண்டும். ஹூட்டின் அகலம் அடுப்பைவிட இருபுறமும் 3 அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது. ஆழமும் முக்கியம்: முன்வரிசை பர்னரின் நடுப்பகுதியையாவது அது மூடி நிற்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் வைத்த வாணலியின் புகை அதைத் தொடாமலே கூரைக்குப் போய்விடும். அடுப்புக்கும் ஹூட்டுக்கும் இடையே பொதுவாக 30 முதல் 36 அங்குலம் வரை விடுவார்கள். அந்தந்த ஹூட்டின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது குழாயில்தான். நண்பர் ஒருவர் 1,200 சி.எஃப்.எம். ஹூட் வாங்கினார். கடைக்காரரும் கேட்கவில்லை, மாட்ட வந்தவரும் கேட்கவில்லை. சுவருக்குள் ஏற்கெனவே இருந்த 6 அங்குலக் குழாயிலேயே அதை இணைத்துவிட்டார்கள். விமானம் கிளம்புவது போலச் சத்தம் வருகிறது, புகை மட்டும் அசையவில்லை. 6 அங்குலக் குழாய் ஏறக்குறைய 400 சி.எஃப்.எம். வரைக்கும்தான் ஏற்றது. 1,200 என்றால் 10 அங்குலம் வேண்டும். குழாய் வளையாத உலோகத்தில், இயன்றவரை நேராக, இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும்.

இன்னொன்றைப் பலர் கடைசியில்தான் கேள்விப்படுகிறார்கள். நிமிடத்துக்கு இவ்வளவு காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இறுக்கமாக மூடிய இன்றைய வீடுகளில் வேறு வழியில்லாமல் அது வெந்நீர்க் கொதிகலனின் புகைக்குழாய் வழியாகவே கீழிறங்கலாம். அப்போது கொதிகலனின் கழிவுப் புகையும், அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடும் வீட்டுக்குள் திரும்பும். உயிருக்கே ஆபத்தான விஷயம் இது. அதனால்தான் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதிகள், இப்படி இயற்கை இழுவையில் இயங்கும் கேஸ் சாதனங்கள் உள்ள வீட்டில் ஹூட் 400 சி.எஃப்.எம்.மைத் தாண்டினால், ஈடுகட்டும் காற்று உள்ளே வரத் தனி வழி கேட்கின்றன. ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள். குளிர் மாநிலங்களில் அந்தக் காற்றைச் சூடாக்கி உள்ளே விடும் ஏற்பாட்டுக்கும் செலவு வரும். அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்த பிறகு அடுப்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் உங்கள் உண்மையான அடுப்புப் பணம்.

3. எரிபொருள்: தீயா, காந்தமா

கடைகளில் பி.டி.யூ. எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யூ. ஆகவே 20,000 பி.டி.யூ. பர்னர் ஏறக்குறைய 5.9 கிலோவாட். கேஸ் தீயின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் பாத்திரத்துக்குள் போகிறது. மற்றது பக்கவாட்டில் தப்பி அறையைச் சூடாக்குகிறது. ஆக, சாம்பாருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 கிலோவாட். தீயில்லாமல் காந்தப்புலத்தால் பாத்திரத்தையே சூடாக்கும் 3.7 கிலோவாட் இண்டக்ஷன் பர்னரில் ஏறக்குறைய 85 விழுக்காடு உள்ளே போவதால் 3.1 கிலோவாட் கிடைக்கிறது. எவ்வளவு பெரிய தீயானாலும் தண்ணீர் கொதிக்கவைப்பதில் இண்டக்ஷனை வெல்வது கடினம். அறையும் வெக்கையாகாது, கேஸ் எரியும்போது வரும், மூச்சைப் பாதிக்கும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் வராது. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் இண்டக்ஷனைத்தான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் எழுதிவைத்த பாத்திரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத எதுவும் அதில் சூடாகாது. பித்தளை உருளி, வெண்கலப் பானை, கல்சட்டி, மண்சட்டி, ஈயச்சொம்பு, பாட்டி கொடுத்த அலுமினிய வாணலி, காந்தம் ஒட்டும் தனி அடிப்பாகம் இல்லாத அலுமினிய குக்கர் எல்லாமே வெளியே நிற்கும். இரும்பு தோசைக்கல்லில் காந்தம் ஒட்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தீயில் இருந்து அடி சற்றே வளைந்த கல், கண்ணாடிப் பரப்பில் சரியாக உட்காராமல் ஆடும். அப்பளத்தையும் கத்தரிக்காயையும் நேரடித் தீயில் சுடுவதும் முடியாது. எங்கள் வீட்டில் ஈயச்சொம்பு ரசமும் கல்சட்டி வற்றல்குழம்பும் வாரத்துக்கு இரண்டு நாள் என்பதால் நாங்கள் தீயை வைத்துக்கொண்டோம். உங்கள் பாத்திரங்களெல்லாம் காந்தம் ஒட்டும் எஃகுதான் என்றால் முடிவு வேறாக இருக்கலாம்.

புதிதாகக் கட்டும் வீடானால் கேஸ் இணைப்புக்கு அனுமதி உண்டா என்று நகராட்சியில் கேட்டுவிடுங்கள். புதுக் கட்டடங்களுக்கு கேஸ் இணைப்பு கூடாது என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019-இல் முதன்முதலாக விதி செய்தது. 2023-இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் வேறு சில இடங்களில் இதே நோக்கத்தில் வேறு வகை விதிகள் வந்திருக்கின்றன.

வாயு என்று முடிவானால் அடுத்த கேள்வி ஓவன். ஓவனும் வாயுவில் எரிந்தால் விலை குறையும். சாதாரண 120 வோல்ட் இணைப்பு போதும். மேலே வாயு, கீழே மின்சார ஓவன் என்றால் இரட்டை எரிபொருள் ரேஞ்ச் என்பார்கள். வெப்பம் சீராக இருக்கும், ஆனால் 240 வோல்ட்டில் 30 முதல் 50 ஆம்பியர் வரை தனி இணைப்பு வேண்டும். இண்டக்ஷன் ரேஞ்சுக்கும் அப்படியே. எலக்ட்ரீஷியன் கூலியை அடுப்பின் விலையோடு சேர்த்தே பாருங்கள். வாயுக் குழாயையும் பிளம்பரிடம் காட்டுங்கள். பழைய அரை அங்குலக் குழாய் ஆறு பர்னர்களும் ஒன்றாக எரியும்போது போதாமல் போகலாம். ஊருக்கு வெளியே புரொப்பேன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதற்கென்றே அமைந்த மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

4. அகலம்

பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் 30 அங்குல இடம்தான் இருக்கும். உயர்தர வகைகள் 30, 36, 48, 60 அங்குலங்களில் வருகின்றன. நால்வர் குடும்பத்துக்கும், மாதம் ஒருமுறை வரும் விருந்தாளிகளுக்கும் 36 தாராளம். 48 அங்குலத்தில் இரண்டு ஓவன்கள் வருவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஹூட், குழாய், காற்று என்று இரண்டாம் படியில் சொன்ன எல்லாச் செலவும் கூடவே ஏறும்.

36-இல் நடுவே தட்டையான இரும்புப் பலகை பதித்த மாடல்கள் உண்டு. "தோசைக்குப் பிரமாதமாக இருக்கும்" என்று எங்களிடமும் சொன்னார்கள். அது சூடேறவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பர்னர்களின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். வாரம் முழுக்கச் சும்மா கிடக்கும் அந்த இடத்தில் இட்லிப் பானை வைக்கலாம். ஆறு பர்னர் மாடலையே வாங்குங்கள். பழகிய தோசைக்கல் உங்களிடம் இருக்கிறதே.

5. தோசைக்கல்லோடு கடைக்குப் போங்கள்

பெரிய நகரங்களின் காட்சிக்கூடங்களில் எரியும் நிலையில் அடுப்புகள் வைத்திருப்பார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் சமைத்துப் பார்க்க விடுகிறார்கள். நான் தோசைக்கல்லையும் ஒரு டப்பாவில் மாவையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் அடுப்பில் மாவை ஊற்றித் தேய்த்தேன். தோசையைத் திருப்பியபோது வளையல் வைத்து அழுத்தியது போல ஒரு பழுப்பு வட்டம். நடுவில் வெள்ளை, ஓரத்திலும் வெள்ளை. அந்த பர்னரில் தீ வெளிவிளிம்பிலிருந்து மட்டும் வளையமாக வந்தது. அடுத்ததில் தீ நடுவிலிருந்தே கிளம்பிப் பரவியது. தோசை ஓரம்வரை ஒரே நிறத்தில் சிவந்து வந்தது. இரண்டு அடுப்புகளின் பி.டி.யூ. எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாவு எடுத்துப் போக முடியாவிட்டால், கல்லில் மைதாவை மெல்லிய படலமாகத் தூவி நடுத்தீயில் சூடாக்குங்கள். எங்கே முதலில் பழுப்பாகிறது என்று பார்த்தாலே தீயின் வடிவம் தெரிந்துவிடும். வெப்பம் எப்படிப் பரவ வேண்டும் என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழி. தெர்மடோர் பர்னர்கள் நட்சத்திர வடிவில் இருக்கும். வுல்ஃப் பர்னர்களில் தீ இரண்டு அடுக்குகளாக வரும். மேலடுக்கு பெரிய தீக்கு, கீழடுக்கு மெல்லிய தீக்கு. பென்சில்வேனியாவில் தயாராகும் புளூஸ்டார் திறந்த வகை பர்னர்களுக்குப் பெயர் பெற்றது. அவற்றில் சில 25,000 பி.டி.யூ. வரை போகின்றன.

திறந்த வகை, மூடிய வகை என்ற பிரிவு நம் சமையலறையில் பெரிய விஷயம். திறந்த வகையில் தீ நேராக மேலேறும், ஆனால் பால் பொங்கினால் அடியில் உள்ள தட்டுக்கு வழிந்து போகும். தட்டை இழுத்துக் கழுவ வேண்டும். மூடிய வகையில் பொங்கியதெல்லாம் மேற்பரப்பிலேயே நிற்கும்; ஒரு துணியால் துடைத்துவிடலாம்.

பெரிய தீயைவிடச் சிறுதீயைத்தான் அதிக நேரம் சோதிக்கச் சொல்வேன். நம் ஊர் வீட்டு அடுப்புகளின் பெரிய பர்னரே 7,000, 8,000 பி.டி.யூ.வைச் சுற்றியதுதான், அதில்தான் அம்மாமார் கூட்டுக் குடும்பத்துக்கே சமைத்தார்கள். ஆனால் பால் பாயசம் அடிப்பிடிக்காமல் ஒரு மணி நேரம் சுண்ட வேண்டும், புளிக்குழம்பில் எண்ணெய் பிரிய வேண்டும் என்றால், அணையாமல் எரியும் மிக மெல்லிய தீ வேண்டும். சில நிறுவனங்கள் அதற்குப் பதிலாகத் தீயைத் தானாக அணைத்து அணைத்து ஏற்றும் முறை வைத்திருக்கின்றன. ஒரு பாத்திரத்தில் சிறிது வெல்லமும் தண்ணீரும் விட்டு மிகச் சிறிய தீயில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கொப்பளிக்காமல் கரைந்தால் அந்த பர்னர் நல்லது. எத்தனை பர்னர்களில் அந்தச் சிறுதீ உண்டு என்றும் கேளுங்கள். சில மாடல்களில் ஒன்றில் மட்டும்தான் இருக்கும்.

6. ஓவன், முக்கியமாக மாவு புளிக்க

நாங்கள் ரொட்டி சுடுவது குறைவு. ஆனால் பனிக்காலத்தில் இட்லி மாவு புளிக்க ஓவன்தான் கதி. பழைய ஓவன்களில் விளக்கைப் போட்டுவிட்டு மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பல புது ஓவன்களில் மிகக் குறைந்த வெப்பமே 170 டிகிரி ஃபாரன்ஹீட். அதில் வைத்தால் மாவு வெந்தே போய்விடும். ரொட்டி மாவு எழும்ப வைப்பதற்கென்று 85 முதல் 100 டிகிரி வரை வைத்திருக்கும் அமைப்பு சில ஓவன்களில், குறிப்பாக இரட்டை எரிபொருள் வகைகளில், இருக்கிறது. ஆங்கிலத்தில் ப்ரூஃப் என்று எழுதியிருப்பார்கள். பட்டியலில் இதைத் தேடிப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் ஒவ்வொரு வாரமும் அதன் அருமை தெரியும்.

7. பெயரும் பழுதும்

ஹோட்டல் அடுப்பு போன்ற ஒன்று வீட்டுக்கும் வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்ததுதான் இந்த வகை முழுவதும். மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் நகரைச் சேர்ந்த ஃபிரெட் கார்ல் தொடங்கிய வைக்கிங் நிறுவனம் 1987-இல் அப்படிப்பட்ட வீட்டு அடுப்பை விற்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆசைப்பட்டவர்கள் உண்மையான ஹோட்டல் அடுப்பையே வாங்கி மாட்டினார்கள். இன்றும் பழைய ஹோட்டல் அடுப்புகள் மலிவாகக் கிடைக்கும், வாங்கவே வாங்காதீர்கள். வெப்பம் வெளியே கசியாத காப்பு அவற்றில் போதாது; பக்கத்து மர அலமாரி தீப்பிடிக்கலாம், வீட்டுக் காப்பீடும் கைவிடலாம்.

பாரிசில் 1908-இல் தொடங்கிய லா கார்னு, ஸ்வீடன் விஞ்ஞானி குஸ்தாஃப் டாலென் 1922-இல் கண்டுபிடித்த ஆகா ஆகியவையும் பார்க்க அழகானவை. ஆகாவின் பாரம்பரிய வகை நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. மெல்ல வேகும் சமையலுக்கு அது அருமை. ஆனால் சட்டென்று தீயைக் கூட்டிக் குறைத்துத் தாளிக்கும் கைக்குப் பொருந்தாது.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று: உங்கள் பகுதியில் பழுது பார்ப்பவர்கள் இருவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நிறுவனத்தின் உதிரிப்பாகம் விரைவில் கிடைக்கிறது, எதைப் பழுதுபார்க்க மறுப்பார்கள் என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் என் பட்டியலிலிருந்து இரண்டு பெயர்கள் கழிந்தன.

8. வந்து இறங்கும் நாள்

36 அங்குல ரேஞ்ச் 300 பவுண்டுக்கு மேல் இருக்கும். வாசல், திருப்பம், படிகள் எல்லாவற்றையும் முன்பே அளந்து வையுங்கள். பொருத்துபவர் போவதற்குள் நான்கைப் பாருங்கள். சுவரோடு பிணைக்கும் இரும்புக் கொக்கி மாட்டியிருக்கிறதா? ஓவன் கதவைத் திறந்து குழந்தை அதில் ஏறி நின்றால் அடுப்பே முன்னால் சாயக்கூடும், அதற்குத்தான் அந்தக் கொக்கி. வாயு இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழி வருகிறதா? ஹூட்டை ஓடவிட்டு அதன் வடிகட்டியில் ஒரு தாளை வைத்தால் ஒட்டி நிற்கிறதா? எல்லா பர்னர்களையும் ஒன்றாக ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகச் சிறுதீக்குக் குறைத்தால் ஏதாவது அணைகிறதா? அவர்கள் போன பிறகு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெற்று ஓவனைக் கையேட்டில் சொன்னபடி அதிக வெப்பத்தில் ஓடவிடுங்கள்; தொழிற்சாலை எண்ணெயின் வாடை அதில் எரிந்து போகும்.

அன்று மாலை நாங்கள் பால் காய்ச்சினோம். பொங்கி வழியட்டும் என்று அம்மா தீயைக் குறைக்கவே விடவில்லை. வழிந்த பாலைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றியபோது பர்னர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, தீ பிடிக்கவில்லை. உங்களுக்கும் இது நடக்கும். பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டாம். பொறி விடும் முனையில் ஈரம் இருந்தால் அப்படித்தான் அடிக்கும். குமிழை அணைத்துவிட்டு, அடுப்பு ஆறிய பின் பர்னர் மூடியைக் கழற்றித் துடையுங்கள், முனையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், சில மணி நேரம் காயவிடுங்கள். மூடியைத் திரும்ப வைக்கும்போது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் தீ ஒரு பக்கமாக மஞ்சளாக எரியும்.